மலையில் ஃபிரான்சைஸ் கடை எடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கம் ஏதாவது ஒரு பிராண்டின் கிளையை எடுத்து நடத்தலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குன்னூரில் ஒரு பேக்கரி கஃபே பிராண்டின் கிளையை நடத்தி வருகிறேன். கடை திறப்பதற்குள் பட்ட அலைச்சலில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றுதான். கம்பெனி கொடுக்கும் ஒப்பந்தம், மெனு, கப், யூனிஃபார்ம், விற்பனைக் கணக்கு எல்லாமே கோவை, பெங்களூரு போன்ற ஊர்களை மனதில் வைத்துத் தயாரானவை. மேலே அவை அப்படியே பொருந்துவதில்லை. பொருந்தும்படி மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கும் பலம் உங்களுக்குப் பணம் கட்டும்வரைதான் இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் கையெழுத்துக்கு முந்தைய வேலைகளைப் பற்றித்தான்.

1. என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிராண்டின் பெயர், செய்முறை, மென்பொருள் எல்லாம் கம்பெனியுடையது. கடை, முதலீடு, ஆட்கள், நஷ்டம் எல்லாம் உங்களுடையது. அதற்கு நீங்கள் நுழைவுக் கட்டணமும், மாதாமாதம் விற்பனையில் ஒரு பங்காக ராயல்டியும் கொடுக்கிறீர்கள். இதை ஃபோஃபோ முறை என்பார்கள். முதலீடு மட்டும் நீங்கள் போட்டு, கம்பெனியே கடையை நடத்தி, மாதம் ஒரு தொகையோ பங்கோ கொடுப்பது ஃபோகோ முறை. இரண்டாவது வகையில் 'மாதம் இவ்வளவு உறுதி' என்று சொன்னால், கம்பெனி கொடுக்காமல் போனால் அதற்கு என்ன ஈடு என்று கேளுங்கள். ஈடு இல்லாவிட்டால் அது வெறும் வாக்குறுதி.

பெரிய சர்வதேச பிராண்டுகள் தனி ஆளுக்குக் கிளை கொடுப்பது அபூர்வம். டாமினோஸ் இந்தியாவில் ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஸ்டார்பக்ஸ் கடைகளை டாடாவுடனான கூட்டு நிறுவனமே நடத்துகிறது. இந்தப் பெயர்களில் 'உங்கள் ஊருக்கு டீலர்ஷிப் ஒதுக்கப்பட்டுள்ளது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று மெயில் வந்தால் நம்பாதீர்கள். போலி இணையதளம், போலிக் கடிதத் தாள், போலி ஒப்புதல் கடிதம் எல்லாம் கச்சிதமாகவே இருக்கும். கேட்கும் பணம் தனி நபர் கணக்குக்குப் போகிறதா என்று பாருங்கள். அமுல் பெயரிலும் இப்படி மோசடி நடந்து, அந்த நிறுவனமே எச்சரிக்கை விட்டிருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.

2. மலையில் யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியில் சுமார் 88,000 பேர், குன்னூரில் 45,000 பேர், கொடைக்கானலில் 36,500 பேர். உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பினால் சந்தை இவ்வளவுதான். மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, கூரியர், மழலையர் பள்ளி போன்ற கிளைகளுக்கு இந்தக் கூட்டமே போதும். சீசன் தொல்லையும் அவற்றுக்கு இல்லை. உணவு, ஐஸ்கிரீம், சாக்லேட், உடை என்றால் சுற்றுலாப் பயணிகளை நம்பியாக வேண்டும்.

ஃபிரான்சைஸின் உண்மையான பலனும் அங்கேதான். ஒரே நாள் தங்கும் குடும்பத்துக்கு எந்தக் கடை நல்ல கடை என்று விசாரிக்க நேரமில்லை. தெரிந்த பெயர்ப் பலகையைப் பார்த்ததும் உள்ளே வருகிறார்கள். புதுக்கடை போட்டுப் பெயர் எடுக்க ஆகும் காலம் மிச்சம். வங்கியும் முகம் தெரியாத கடையைவிடத் தெரிந்த பிராண்டுக்குச் சீக்கிரம் கடன் கொடுக்கும். பயிற்சி, செய்முறை, பில்லிங் எல்லாம் தயாராகக் கிடைக்கும். தொழில் அனுபவமே இல்லாதவருக்கு இது பெரிய துணை என்பதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஜூலை மாத மழையில் கடைக்கு வருபவர் உள்ளூர்க்காரர். அவர் கேட்பது டீயும் வர்க்கியும். மெனுவில் இல்லாத எதையும் விற்கக் கூடாது என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கும். உள்ளூர்ப் பொருட்கள் சிலவற்றையாவது விற்க எழுத்துப்பூர்வ அனுமதி கேளுங்கள். வாய்ச்சொல்லாக 'பார்த்துக்கலாம் சார்' என்றால், அதிகாரி மாறியதும் அந்தச் சொல்லும் போய்விடும்.

3. கம்பெனியின் கணக்கை நீங்களே திரும்பப் போடுங்கள்

அமெரிக்காவில் கிளை கொடுப்பவர் தன் வழக்குகள், மூடிய கிளைகள், கட்டணங்கள் எல்லாவற்றையும் சொல்லும் ஆவணத்தைக் கையெழுத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும்தான் முக்கியமாகப் பொருந்தும். யாரும் தானாக எதையும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்: கடந்த மூன்று ஆண்டுகளில் மூடிய கிளைகளின் பட்டியல், நடக்கும் கிளைகளின் மாத வாரி விற்பனை, கம்பெனியின் தணிக்கை செய்த கணக்கு. மூடிய கடைக்காரர் ஒருவரிடமாவது பேசுங்கள். கம்பெனி காட்டும் கடைக்காரர் நல்லதையே சொல்வார்.

கம்பெனி கொடுக்கும் விற்பனைக் கணிப்பில் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை இருந்தால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். இங்கே ஏப்ரல், மே உச்சம், செப்டம்பர், அக்டோபரில் செகண்ட் சீசன், நடுவில் மழை. அத்துடன் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 சீசனில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000 மற்றும் 6,000 என்று வரம்பு விதித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளின் கூட்டத்தை வைத்துப் போட்ட கணிப்பு இன்று செல்லாது.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டு விற்பனை 48 லட்சம், ராயல்டி 6%, விளம்பரக் கட்டணம் 2% என்று வைத்துக்கொள்வோம். 8% என்றால் 3,84,000. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 69,120. மொத்தம் 4,53,120 ரூபாய். உணவகத்துக்கு 5% ஜிஎஸ்டி போடும் கடை உள்ளீட்டு வரியை, அதாவது தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, திரும்பப் பெற முடியாது. ஆக அந்த 69,120 உங்கள் கைக்காசு. நுழைவுக் கட்டணத்துக்கும் இதே கதை: 5 லட்சம் என்று சொன்னால் நீங்கள் கட்டுவது 5,90,000. கம்பெனிக்காரர் தாளில் இந்த வரியைப் போடவே மாட்டார்.

குறைந்தபட்ச ராயல்டி என்ற நிபந்தனை இதைவிட ஆபத்தானது. மாதம் குறைந்தது 25,000 என்று இருக்கிறது. மழை மாதத்தில் 2,25,000-க்கு விற்கிறீர்கள். 6% என்றால் 13,500தான். ஆனால் கட்ட வேண்டியது 25,000, அதாவது விற்பனையில் 11 சதவீதத்துக்கு மேல். அந்தக் குறைந்தபட்சத் தொகையை மாதக் கணக்கில் பார்க்காமல் ஆண்டுக் கணக்கில் பார்க்க வேண்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். இந்த ஒரு திருத்தம் கிடைத்தாலே சீசன் பணம் மழைக் காலத்தைத் தாங்கும். ராயல்டி எந்தத் தொகைக்கு என்பதையும் பாருங்கள்: ஜிஎஸ்டி நீக்கிய விற்பனைக்கா, சேர்த்தா? ஸ்விக்கி, சொமேட்டோ பில்லில் அவர்கள் கமிஷன் கழித்த பின்பா, முழுத் தொகைக்கா?

4. கட்டடத்தின் காகிதங்கள்

கீழே கடை பிடிப்பதற்கும் இங்கே பிடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமையானவை. கொடைக்கானலில் 2019-ல் விதிமீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தார்கள். நீலகிரியிலும் அவ்வப்போது நடக்கிறது. சீல் கட்டட உரிமையாளரின் தவறுக்காக விழுந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்வது உங்கள் ஓவனும் ஃப்ரீசரும்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை: வணிகப் பயன்பாட்டுக்கான கட்டட அனுமதியும் வரைபடமும், சொத்து வரி ரசீது, வணிக மின் இணைப்பு அட்டை, வில்லங்கச் சான்று. வரைபடத்தையும் கட்டடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடி ஒன்று கூடுதலாக இருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கமானால் நிலம் செக்‌ஷன் 17 வகையா என்று கட்டாயம் விசாரியுங்கள். 1969-ஆம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் இந்தப் பிரிவில் சிக்கிய நிலங்களில் மின் இணைப்பும் உரிமமும் வாங்குவது பெரும்பாடு. நகராட்சிக் கடையை ஏலத்தில் எடுத்தவர் உங்களுக்கு உள்வாடகைக்குக் கொடுக்க முன்வந்தால், நகராட்சியின் நிபந்தனைகளை வாங்கிப் படிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உள்வாடகை பிடிபட்டால் ஒதுக்கீடே ரத்தாகலாம்.

வாடகை ஒப்பந்தக் காலமும் ஃபிரான்சைஸ் காலமும் ஒன்றாக இருக்கட்டும். 11 மாத வாடகைச் சீட்டு, 5 ஆண்டு ஃபிரான்சைஸ் என்று எடுத்தால் இரண்டாம் ஆண்டில் உரிமையாளர் கேட்பதுதான் வாடகை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அந்தச் செலவைச் சேமிக்க நினைக்காதீர்கள். இன்டீரியர் வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை இல்லாமல் கேட்டுப் பாருங்கள். மழை மாதத்தில் ஒப்புக்கொள்வார்கள்.

5. உரிமங்கள்

கம்பெனியின் உணவு உரிமம் உங்கள் கடைக்குச் செல்லாது. உங்கள் முகவரிக்குத் தனியாக எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ வேண்டும். எது என்பதை விற்பனை அளவு முடிவு செய்யும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு சீக்கிரம் வந்துவிடும், உரிமத்துக்கு 60 நாள் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம், கடையின் வரைபடம், குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை, பணியாளர்களின் மருத்துவச் சான்று, கம்பெனியுடனான ஒப்பந்த நகல் இவற்றைத் தயாராக வையுங்கள். தண்ணீர் அறிக்கைக்குத்தான் இங்கே நாளாகும், முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள்.

நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சியின் தொழில் உரிமம், அரையாண்டுத் தொழில் வரி, ஜிஎஸ்டி பதிவு (உணவகம் சேவை என்பதால் 20 லட்சம் தாண்டினால் கட்டாயம்), தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவற்றை உங்கள் ஆடிட்டரே பார்த்துக்கொள்வார். கடன் மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் போக வேண்டும். எந்தத் திட்டம் இப்போது திறந்திருக்கிறது, ஃபிரான்சைஸ் கடையை ஏற்பார்களா, நுழைவுக் கட்டணத்தைத் திட்ட மதிப்பில் சேர்ப்பார்களா என்ற மூன்றையும் அங்கே கேளுங்கள். கடன் அனுமதி வருவதற்கு முன் கம்பெனிக்குப் பணம் கட்டிவிட்டால் மானியம் கிடைப்பது கடினமாகும்.

பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். கம்பெனியின் லோகோ ஆங்கிலத்தில் மட்டும் வரும். தமிழ்ப் பலகையின் வடிவமைப்பை அவர்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைத்தால், திறந்த பிறகு பலகைக்கு இரண்டாம் முறை செலவழிக்க வேண்டாம்.

6. கப், ஸ்ட்ரா, தண்ணீர் பாட்டில்

இதற்குத் தனித் தலைப்புக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கப் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பிளாஸ்டிக் ஸ்ட்ரா, பிளாஸ்டிக் பை எல்லாம் தடை. நீலகிரியில் அதிகாரிகளின் சோதனை மற்ற மாவட்டங்களைவிடக் கடுமை. அத்துடன் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விற்கக் கூடாது. கம்பெனி அனுப்பும் அழகான காபி கப்பின் உட்புறம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுதான். ஒப்பந்தமோ 'எங்கள் கப்பை மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்கிறது. இரண்டுக்கும் நடுவில் அபராதம் கட்டப்போவது நீங்கள்.

இந்த மலைக்குத் தடை தேவை என்றே நான் நினைக்கிறேன். ஓடையில் கிடக்கும் குப்பையைப் பார்ப்பவர்கள் நாம்தான். ஆகவே கம்பெனியைத்தான் மாற்றச் சொல்ல வேண்டும். அனுமதிக்கப்பட்ட பொருட்களை நீங்களே வாங்கிக்கொள்ளவும், பீங்கான், கண்ணாடிக் கோப்பைகளில் பரிமாறவும் அனுமதி தரும் ஒரு பத்தியை ஒப்பந்தத்தில் சேருங்கள். விதிமுறை மாறினால் கம்பெனி மாற்றுப் பொருள் தர வேண்டும், தராவிட்டால் அது உங்கள் மீறல் ஆகாது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

இதே இடத்தில் இன்னொன்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குளிரில் மாவு உப்ப நேரமாகும், கேக் கலவையும் வேறு மாதிரி எழும்பும். கம்பெனியின் செய்முறைத் தாளில் உள்ள நேரமும் வெப்பமும் சரிவராது. திறப்பதற்கு முன்பே அவர்களுடைய செஃப் மேலே வந்து, உங்கள் ஓவனில் செய்து பார்த்து, மாற்றிய அளவுகளைக் கையெழுத்திட்டுத் தரட்டும். இல்லாவிட்டால் தரச் சோதனைக்கு வருபவர் தாளை வைத்து மதிப்பெண் குறைப்பார். அரைக்கை டி-ஷர்ட் யூனிஃபார்மின் மேல் ஸ்வெட்டர் போட அனுமதியும் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் காலையில் ஆட்கள் நடுங்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

7. சரக்கு மேலே வரும் வழி

மூலப்பொருளை கம்பெனியிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்றால், விலை எந்த இடத்துக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் கோவை கிடங்கு வரைக்கும்தான். அதற்கு மேல் வண்டி வாடகை, குளிர்சாதன வண்டி கிடைக்காத நாட்கள், சேதம் எல்லாம் உங்கள் தலையில். மழையில் பர்லியாறு பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றி வர வேண்டும். சீசனில் மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். மைசூர் பக்கத்திலிருந்து வரும் சரக்கு என்றால் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை.

சாலை மூடிய நாட்களில் பால், வெண்ணெய், காய்கறியை உள்ளூரில் வாங்கலாம் என்ற அனுமதி வேண்டும். சரக்கு வராமல் கடை மூடினால் அது ஒப்பந்த மீறல் ஆகக் கூடாது. இயந்திரம் பழுதானால் மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் மேலே வருவார், போக்குவரத்துச் செலவு யாருடையது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தீ விபத்துக் காப்பீடு எடுக்கும்போது நிலச்சரிவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

8. ஒப்பந்தத்தில் வக்கீலுடன் உட்கார வேண்டிய வரிகள்

வணிகச் சின்னம் கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். உணவகத்துக்கு வகுப்பு 43, பேக்கரி, காபி, டீ பொருட்களுக்கு 30. விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தாலோ, எதிர்ப்பு நிலுவையில் இருந்தாலோ, அந்தப் பெயருக்கு நீங்கள் கொடுக்கும் பணம் மண்ணில் போகலாம்.

எல்லைப் பாதுகாப்பை '3 கிலோமீட்டர் சுற்றளவு' என்று எழுதுவார்கள். இங்கே அது வான்வழித் தூரமா, சாலைத் தூரமா? ஊர்ப் பெயரைச் சொல்லியே எழுதச் சொல்லுங்கள். ரிசார்ட்டுக்குள் கவுன்டர், பூங்கா வாசலில் சீசன் ஸ்டால், ஆன்லைன் சமையலறை எல்லாவற்றுக்கும் அது பொருந்த வேண்டும். மே மாதம் மட்டும் மலர்க் கண்காட்சிக்கு எதிரே கம்பெனியே ஸ்டால் போட்டால் உங்கள் ஆண்டு லாபம் போயிற்று.

தேதியில்லாத காசோலை கேட்டால் கொடுக்காதீர்கள். தகராறில் அதை வங்கியில் போட்டுத் திருப்பினால் செக் மோசடி வழக்கை நீங்கள் சந்திக்க நேரும். வங்கி உத்தரவாதமோ டெபாசிட்டோ போதும். வழக்கும் நடுவர் விசாரணையும் மும்பை, குருகிராமில் என்று அச்சடித்திருப்பார்கள். கோவை, மதுரை அல்லது சென்னை என்று கேளுங்கள், கிடைக்கிறது.

கம்பெனி கைமாறினால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். 1905-ல் தொடங்கிய நம் மலையின் பெயர் கொண்ட நீல்கிரீஸ் பல்பொருள் அங்காடியே 2006-லும் 2014-லும் கைமாறியது. மெக்டொனால்ட்ஸ் தன் இந்தியக் கூட்டாளியுடன் மோதி, 2017-ல் 169 கடைகளின் உரிமத்தை ரத்து செய்து, 2019-ல்தான் சமரசம் ஆனது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அப்படியென்றால் ஒற்றைக் கடைக்காரர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

9. எப்போது தொடங்குவது?

மார்ச் நடுவில் கடை திறக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிராண்டுத் தேடலும் கடைக்காரர்களிடம் விசாரணையும் ஆகஸ்டில், செகண்ட் சீசன் கூட்டத்தை நேரில் எண்ணுவது செப்டம்பர், அக்டோபரில், ஒப்பந்தமும் வாடகையும் நவம்பர் வாக்கில், உரிம விண்ணப்பங்கள் டிசம்பரில், இன்டீரியர் ஜனவரி, பிப்ரவரியில். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கொடைக்கானல் பக்கம் பெயின்ட் காயாது, மரம் ஊறிவிடும். அந்தச் சமயத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். மே கடைசியில் எல்லாம் தயாரானால் அவசரப்பட்டு ஜூனில் திறக்க வேண்டாம். செப்டம்பர் வரை தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டு, ராயல்டியும் ஒப்பந்தக் காலமும் கடை திறந்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். முதலீடு தவிர, குறைந்தது ஆறு மாத வாடகையும் சம்பளமும் தனியாக ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணம் இல்லாமல் தொடங்கியவர்கள்தான் முதல் மழையிலேயே கடையை விற்கப் பார்க்கிறார்கள்.

10. வெளியேறும் வழி

கடையை வேறொருவருக்கு விற்க கம்பெனியின் சம்மதமும் மாற்றுக் கட்டணமும் வேண்டும். அந்தத் தொகையை இப்போதே எண்ணில் எழுதுங்கள். லாக்-இன் காலத்துக்குள், அதாவது கடையை விட்டு விலகக் கூடாத காலத்துக்குள், மூடினால் மீதி ஆண்டுகளின் ராயல்டி முழுவதையும் கேட்கும் வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அதிகபட்சம் சில மாத ராயல்டி என்று குறைக்கலாம். ஒப்பந்தம் முடிந்த பிறகு இத்தனை ஆண்டு பேக்கரித் தொழிலே செய்யக் கூடாது என்று போட்டிருப்பார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. ஆனால் அவர்கள் செய்முறையையும் பெயரையும் நீங்கள் தொடர்ந்து பயன்படுத்த முடியாது. வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கடையை கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமையை உரிமையாளரிடம் அவர்கள் எழுதி வாங்க அனுமதிக்காதீர்கள்.

மூடும்போது பலகையை இறக்கிய படத்தைத் தேதியுடன் எடுத்து கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள், டெபாசிட் திரும்ப வர அதுதான் ஆதாரம். மிச்சச் சரக்கை எந்த விலைக்குத் திரும்ப எடுப்பார்கள் என்பது ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்க வேண்டும். உணவு உரிமத்தை ஒப்படையுங்கள். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தால் மூன்று மாதங்களுக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள்.